பங்கருக்குள் ஒரு மேசை

இதுவும் பங்கர்தானாம். படிவாசலில் நின்று யசிந்தா கீழே எட்டிப் பார்த்தாள்; பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டாள். சீமெந்துப் படிகள் ஒழுங்காக வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இறங்கக் கம்பி வைத்து, வழுக்காமலிருக்க விளிம்புக்கு விளிம்பு மஞ்சள் நாடா ஒட்டி, சுவருக்கு வெளிறின பச்சை அடித்து, குழல் விளக்குப் போட்டு, ஏதோ ஆஸ்பத்திரிக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. மேலே என்றால் வெறும் புல்லுத்தரை. புல்லில் ஆக்கள் இருக்க ஒரு வாங்கு, வாங்கில் ஒரு காகம். இந்தப் புல்லுக்குக் கீழேயா இவ்வளவும்? அவளுக்குத் தெரிந்த பங்கர் ஊரில் புருசன் பேணாட் தன் கையால் வெட்டினது. பின்வளவில், கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில், 'ட' எழுத்துப்போல டானா வடிவில் வளைத்து வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, குற்றிக்கு மேலே உரப்பையில் மண் நிரப்பிப் போட்ட கிடங்கு. மாரிக்கு அதற்குள் தண்ணீர் நிற்கும், தண்ணீருக்குள் தவளை இருக்கும். குண்டு போட வருகிற பொம்பர் சத்தம் கேட்டு ஓடிவந்து குதிக்கிற பிள்ளைகள் குண்டுக்கு முதல் தவளைக்குப் பயந்து கத்துங்கள். மனிசர் ஏன் நிலத்துக்குள் இறங்குகிறார்கள்? மேலே பயம் இருந்தால்தானே இறங்குகிறார்கள்? அப்படியென்றால் இந்தப் படியைக் கட்டினவர்களும் பயந்தவர்கள்தானா என்று கேட்டுக்கொண்டாள். பயந்தவர்கள் சுவருக்குப் பச்சை அடிப்பார்களா? தோளில் தொங்கிய பையை இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். பைக்குள் ஒரு போத்தல் தண்ணீர், விசுக்கோத்துப் பெட்டி, டோர்ச் லைற், முகம் துடைக்க மடித்த லேஞ்சி, செபமாலை. காலையில் அவற்றை எடுத்து வைத்ததே அவளுக்குத் தெரியாது. மகள் வந்து "பங்கர் பாக்கப் போவம், வெளிக்கிடுங்கோ" என்று சொன்னதும் கை தானாகவே அடுக்கிவிட்டிருந்தது. பையைத் திறந்து பார்த்துவிட்டு நீற்றா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, மியூசியத்துக்குப் போறம். அங்க கோப்பிக்கடை கிடக்கு. டோர்ச் லைற் ஏன்?" "கிடக்கட்டும், பாரமே அது?" என்று இவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. அப்போது காரில் ஏறவில்லை.

காரில்தான் சொன்னாள். சொல்லும்போது திரும்பியே பார்க்கவில்லை; பெரிய ரோட்டில் ஓடுகிறவள் எப்படித் திரும்புவாள்? திரும்பத் தேவையில்லாத இடமாகப் பார்த்துத்தான் சொன்னாளோ என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. "அம்மா, நான் ஒரு வேலைக்குப் போட்டனான். கிடைச்சிட்டுது." "ஆண்டவருக்குத் தோத்திரம். எங்க பிள்ளை, பாங்கிலயோ?" "இல்லையம்மா. விமானப்படையில." விமானப்படை. அந்தச் சொல் தமிழில்தான் வந்தது. இலண்டனில் பிறந்ததுபோல இங்கிலீசு கதைக்கிற பிள்ளை, வேலை விசயம் என்றால் ஒரு தமிழ்ச்சொல்லும் வாயில் வராத பிள்ளை, இதைமட்டும் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள். யசிந்தா சீட்டுப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். "நான் பிளேன் ஓட்டுறேல்லை. துவக்குப் பிடிக்கிறேல்லை. நிலத்துக்குக் கீழ ஒரு அறை. அதுக்குள்ள இருந்து, வானத்தில என்ன வருது, எங்காலை வருதெண்டு பாக்கிறது. கொம்பியூட்டர் வேலைதான். அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்லை. முதல் உங்களிட்டைத்தான் கேக்கிறன். திங்கக்கிழமை நான் பதில் குடுக்கவேணும். நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம்." பிறகு குரலைத் தணித்து, இந்த ஒரு வசனத்தை எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாளோ, அவ்வளவு பாடமாகச் சொன்னாள்: "அப்பா செய்த வேலைதானேயம்மா." கண்ணாடிக்கு வெளியே வீடுகள் போயின, பெற்றோல் நிலையம் போனது, யாரோ ஒருவர் நாயோடு போனார், அப்பா செய்த வேலைதானே, அப்பா செய்த வேலைதானே என்று கார்ச்சில்லு அதையே சொல்லிக்கொண்டு ஓடியது.

பேணாட் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். ஆனால் பிள்ளை சொன்னது அந்த வேலையை இல்லை. பொம்பர் வந்தால் எல்லாரையும் பங்கருக்குள் இறக்கிவிட்டு அவர் வாசலில் நிற்பார். தலை வெளியே, கால் உள்ளே. "உள்ளுக்கு வாருங்கோவன்" என்று இவள் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுப்பாள். "சும்மா இரப்பா. எங்க போடப்போறான் எண்டு பாக்காமல் உள்ளுக்கு இருந்து என்ன செய்யிறது, பேய்க்கதை" என்பார். அங்கே நின்று ஒவ்வொன்றாகக் கீழே சொல்லுவார். கிழக்காலை வாறான். வட்டமடிக்கிறான். பதியிறான், படுங்கோ, படுங்கோ. அவர் சொல்லச் சொல்ல அவள் செபமாலை உருட்டுவாள். பிள்ளைகள் இரண்டும் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, அவர் சீவிக் குடுத்த வேப்பந்தடித் துண்டைப் பல்லுக்கிடையில் கடித்தபடி கிடக்குங்கள். வாய் மூடியிருந்தால் சத்தத்துக்குச் செவிப்பறை போய்விடுமாம். நீற்றாவின் தடியில் சின்னச் சின்னப் பல்லடையாளம் இருக்கும், எலி அரிச்ச மாதிரி என்று தமையன் ஜெறாட் பகிடி பண்ணுவான். எல்லாம் முடிந்த பிறகு மேலேயிருந்து "போயிட்டான், வெளியில வாங்கோ" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் மூச்சு. கடைசித் தடவையும் அப்படித்தான் சொன்னார். ஒன்று போய்விட்டது. அவர் போனதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், முகம் அந்தப் பக்கம். போயிட்டான், வெளியில, என்றார். முதுகுப்பக்கத்தால் இரண்டாவது வந்தது.

"கவனமம்மா, கம்பியைப் பிடிச்சு இறங்குங்கோ" என்றாள் நீற்றா. மற்றவர்கள் முன்னுக்குப் போய்விட்டார்கள், ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடியும் ஒரு குடும்பமும். யசிந்தா முதற்படியில் கால் வைக்கும்போதே பரலோக மந்திரத்தைத் தொடங்கிவிட்டாள். பங்கருக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் அதைச் சொல்லாமல் அவளுக்குக் கால் அசையாது. உதடுதான் அசைந்தது. பக்கத்தில் மகளும் அதே வேகத்தில், அதே கிசுகிசுப்பில் சேர்ந்துகொண்டாள். சின்னனில் பழக்கினது போகுமா? நடுவில் அந்த இடம் வந்தது. தங்களுக்குத் தீங்கு செய்தவர்களைத் தாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று ஆண்டவருக்குச் சொல்லுகிற இடம். அந்த இடத்தில் இரண்டு பேரும் வாயை மூடினார்கள். ஒரு வரி அளவு நேரம் படிகளின் சத்தம்தான் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே அடுத்த வரியைப் பிடித்தார்கள். அது யசிந்தாவின் வழக்கம். பேணாட்டை அடக்கம் பண்ணின நாளில் அந்த வரி அவளுடைய தொண்டையில் நின்றது, பிறகு வரவேயில்லை. பொய் சொல்லுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று விட்டுவிட்டாள். யாரையும் அவள் சபித்ததில்லை. பக்கத்துவீட்டு நாய்க்குட்டிக்குக்கூட மெழுகுதிரி கொளுத்துகிறவள். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் இந்த ஒரு வரியைக் குடுக்கவில்லை. அந்த ஆள் யார்? பிளேனை ஓட்டினவனா? அவனும் யாரோ சொல்லித்தானே வந்திருப்பான். அவனுக்குச் சொன்னவன், இன்ன இடத்துக்குப் போ என்று எங்கேயோ இருந்து அனுப்பினவன். அவனுக்கு முகம் இல்லை. முகமில்லாத ஒன்றுக்கு எப்படி அந்த வரியைச் சொல்லுவது? பிள்ளைகள் அவளைக் கேட்டுத்தான் செபம் படித்தார்கள், அதனால் அந்த ஓட்டையோடுதான் படித்தார்கள். இலண்டனுக்கு வந்த புதிதில் கோயிலில் முதல்நன்மை வகுப்பில் சிஸ்டர் ஒருவர் நீற்றாவைத் தனியே செபம் சொல்லச் சொன்னாராம். பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தி, மூச்செடுத்து, தொடர்ந்திருக்கிறாள். ஏன் அங்கே நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, அங்கே எல்லாரும் பேசாமல் இருக்கவேண்டும் சிஸ்டர், அது அமைதி நேரம் என்றாளாம். சிஸ்டர் சிரித்துக்கொண்டு இதைச் சொன்னபோது யசிந்தாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குசினியில் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். திருத்தவில்லை.

கீழே போனால் இன்னொரு கதவு, அதற்குப் பிறகு தடித்த இரும்புக் கதவு, அதற்குப் பிறகு அறை. அறை என்றா சொல்லுவது? கோயில் அளவு. கிழட்டுக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வெள்ளை மீசையோடு நின்றவர் தன் பேர் டெரெக் என்றார். சம்பளமில்லாமல் வந்து ஆக்களுக்குக் காட்டுகிறவராம். நீற்றா காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள், ஆனால் யசிந்தாவுக்குப் பாதி நேரடியாகவே விளங்கியது. மேலே புல்லை உரித்து வைத்துவிட்டு, கிடங்கு கிண்டி, சீமெந்து கொட்டி, திரும்பப் புல்லை விரித்து மூடினார்களாம், மேலே பறக்கிறவனுக்கு மாடு மேய்கிற தரை என்று தோன்றவேண்டுமாம். பெரிய சண்டை, இரண்டாம் உலக யுத்தம், தொடங்கினபோது அரைநாட்டு வானம் இந்த அறைக்குள் இருந்ததாம். வானம் அறைக்குள் இருந்தது. எப்படி என்று அவள் நிமிர்ந்தபோதுதான் மேசையைக் கண்டாள். நடுவில், கட்டில்கள் நாலைந்து சேர்த்துப் போட்டதுபோல ஒரு மேசை. மேசை முழுக்க வரைபடம். கடல், கரை, ஊர்களின் பெயர்கள். அதன்மேல் மரக்கட்டைகள், கட்டையில் குத்தின சின்னச் சின்ன இலக்கத் தட்டுகள், நிற அம்புக்குறிகள். சுற்றிவர நீளத்தடிகள் சாத்தி வைத்திருந்தார்கள். இளம்பெட்டையள்தான் அந்தத் தடியோடு மேசையைச் சுற்றி நின்றவர்களாம். காதில் ஒருவர் சொல்லச் சொல்லக் கட்டையைத் தள்ளுவார்களாம். ஒவ்வொரு கட்டையும் ஒரு கூட்டம் பிளேன். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரிகள் இருந்து மேசையைப் பார்த்துத்தான் யாரை எழுப்புவது, யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பார்களாம். "என்ர அம்மா இந்த மேசையில நிண்டவ" என்றார் டெரெக், நெஞ்சில் கை வைத்து. வீட்டில் ஒரு சொல் சொன்னதில்லையாம். கந்தோரில் எழுத்து வேலை என்று சொல்லியே வளர்த்தாவாம். சாப்பாட்டு மேசையில் யோசனையாய் இருக்கும்போது மட்டும் முள்ளுக்கரண்டியால் உப்புப் போத்தலை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பாவாம். ஏனென்று அவ செத்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்ததாம். எல்லாரும் ஆகா என்றார்கள். யசிந்தாவுக்கு ஆகா வரவில்லை. உப்புப் போத்தல். ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு முன்னால் உப்புப் போத்தலைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

சுவரில் ஒரு மணிக்கூடு. அதன் முகம் முழுக்க நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், திரும்பவும் சிவப்பு என்று துண்டு துண்டாக. முள் சிவப்பில் நிற்கும்போது வருகிற செய்திக்குச் சிவப்பு அம்பு வைக்கவேண்டும், மஞ்சளுக்குப் போனால் மஞ்சள். மேலே இருக்கிறவர்கள் நிறத்தைப் பார்த்தே இது புதுச் செய்தி, இது பழையது என்று கண்டுகொள்வார்கள். பழைய நிறத்தை மேசையில் விட்டுவைக்கக்கூடாது, தடியால் இழுத்து எடுத்துவிடவேண்டும். "ஏனெண்டா வானத்தில பழைய செய்தியால ஒரு பிரயோசனமும் இல்லை" என்று நீற்றா மொழிபெயர்த்தாள். அவளுடைய குரலில் ஒரு சந்தோசம் இருந்தது, கணக்குச் சரிவந்தால் சின்னனில் வருகிற சந்தோசம். யசிந்தா அந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள். கண்ணை எடுக்க முடியவில்லை. அப்போ அங்கேயும் ஒரு மேசை இருந்திருக்கும். இதைப்போல நிலத்துக்குக் கீழேயோ மேலேயோ, எங்கோ ஒரு அறையில், பேணாட்டின் வானமும் மேசையில் விரித்துத்தான் கிடந்திருக்கும். இது ஏன் இவ்வளவு காலமும் அவளுக்குத் தோன்றவில்லை? அவள் பேயென்று நினைத்திருந்தாள். இருட்டு என்று, பாவம் என்று, பிசாசின் வேலை என்று நினைத்திருந்தாள். மேசை என்று நினைக்கவில்லை. அந்த மேசையில் இவர்கள் வளவுக்கு மேலே எந்த நிற அம்பு இருந்தது? சிவப்பா? அவர் மண்ணில் விழுந்து, இவள் ஏறி வந்து, அவருடைய தலையை மடியில் தூக்கி வைத்து, வாய்க்குள் போன மண்ணை விரலால் எடுத்துக்கொண்டிருக்கும்போது முள் மஞ்சளுக்குப் போயிருக்கும். யாரோ ஒரு பிள்ளை தடியை நீட்டி அந்தச் சிவப்பை இழுத்து எடுத்திருப்பாள். பழைய செய்தி. தேத்தண்ணி குடித்திருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலை. சேசுவே, மரியே, சூசையே. அவளுடைய மடியில் இன்னும் அது எடுபடவில்லையே, அந்தச் சிவப்பு.

"நீற்றா, ஒண்டு கேள் அவரை." "என்னம்மா?" "இதில வீடுகள் எங்க?" நீற்றா விளங்காமல் பார்த்தாள். "ஆக்கள் இருக்கிற வீடு. கீழ நிக்கிற சனம். மேசையில அதுகளை எங்க வச்சிருக்கினம் எண்டு கேள்." நீற்றா கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் கேட்டாள். டெரெக் நல்ல மனிசர், சிரிக்கவில்லை. மேசையைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி ஒருமுறை பார்த்தார். வீட்டுக்கு இதில் இடமில்லை அம்மையாரே, பிளேன்கள் மட்டும்தான் என்றார். இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். இந்த அறை வருகிற பிளேனைப் பார்க்கிற அறையா, போகிற பிளேனை அனுப்புகிற அறையா? "இரண்டும்தான்" என்றார் அவர், பெருமையாக. "ஒரே மேசைதானே. சண்டை திரும்பினதும் இதே மேசையைப் பார்த்துத்தான் எங்கடையளும் கடலைத் தாண்டிப் போனதுகள்." பிறகு அணுகுண்டு யுத்தம் ஒன்றுக்குப் பயந்து இன்னும் தடித்த கதவு போட்டார்களாம். அந்த யுத்தம் வரவில்லை, மேசை தூசி பிடித்தது, பூட்டினார்கள். இப்போதைய அறை வேறெங்கோ இன்னும் ஆழத்தில் இருக்கிறது, தடியும் கட்டையும் இல்லை, திரைகள்தான். நீற்றா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இன்னும் ஆழத்துக்குத்தான் இவள் போகக் கேட்கிறாள்.

"அம்மா." நீற்றா அவளுடைய முழங்கையைப் பிடித்து ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஒண்டு யோசியுங்கோ. அப்பாவுக்குத் தெரிஞ்சது ஒரு துண்டு வானம். பின்பக்கத்தால வந்ததை அவரால பாக்கேலாமல் போச்சு. இந்த அறை எல்லாப் பக்கமும் பாக்கும். எங்களுக்கு இப்பிடி ஒண்டு இருந்திருந்தா ஆரோ அப்பாவுக்குச் சொல்லியிருப்பினம், ரெண்டாவது வருதெண்டு. அப்பா இருந்திருப்பார்." கண் நிறைந்துவிட்டது பிள்ளைக்கு. இவ்வளவு காலமும் இதையா மனத்துக்குள் வைத்துக்கொண்டு படித்தாள்? கணிதத்தில் அவள் வாங்கின பரிசெல்லாம், விடிய எழும்பினது எல்லாம் இந்த இரண்டாவதற்காகவா? யசிந்தா திகைத்துப் போனாள். அது உண்மைதானே. பொய் என்று சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. எல்லாப் பக்கமும் பார்க்கிற ஒருத்தி இருந்திருந்தால் பேணாட் இருந்திருப்பார், தலை நரைத்து, இலண்டன் குளிரைத் திட்டிக்கொண்டு, ஹீற்றரைக் கழற்றித் திருத்துகிறேன் என்று குழப்பிக்கொண்டு. அது உண்மை. ஒரே மேசை என்று அந்த மனிசர் சொன்னதும் உண்மை. இரண்டையும் அவளுடைய தலை பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. மாதாவே, எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புத்தான், இதை என்னிடம் ஏன் கேட்கிறாய்?

அந்த நேரம்தான் டெரெக் யாராவது வந்து தடியைப் பிடித்துப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். நீற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்குப் போனாள். அவர் ஒரு இடத்தின் பெயரைச் சொன்னார். நீற்றா தடியை நீட்டி, நுனியைக் கட்டையில் பொருத்தி, ஒரு தள்ளு. கட்டை கடலைத் தாண்டிச் சத்தமேயில்லாமல் போனது. அவர் இன்னொன்று சொன்னார். அதையும் தள்ளினாள், மணிக்கூட்டை ஒரு பார்வை பார்த்து அம்பின் நிறத்தையும் மாற்றினாள். "நீங்கள் இதுக்கெண்டே பிறந்தவ" என்று அவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மகள் வெட்கத்தோடு சிரித்தாள். நெற்றியில் விழுந்த மயிரை ஊதித் தள்ளினாள், உதட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள், படிக்கிற காலத்தில் கணக்குக் கொப்பியைப் பார்க்கிற அதே பார்வை. அதைக் கண்டதும் யசிந்தாவுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. இவ்வளவு காலமும் அந்த ஆளுக்கு முகம் இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது. இப்படித்தான் இருந்திருக்கும். இப்படி மயிரை ஊதிக்கொண்டு, இப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு, வீட்டில் ஒரு தாய் கட்டிக் குடுத்த சாப்பாட்டோடு வந்த ஒரு பிள்ளை. யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காத பிள்ளை. தனக்குத் தந்த வேலையைக் கவனமாகச் செய்கிற பிள்ளை. வேண்டாம், வேண்டாம் ஆண்டவரே, எனக்கு அந்த முகத்தைக் காட்டாதையும். முகமில்லாமலே இருந்திருக்கலாம். பேயாகவே இருந்திருக்கலாம். அந்த முகத்துக்கும் நீற்றாவைப்போல இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது.

பொம்பர் வருவதை அறிவிக்கிற சங்குச் சத்தம் அப்போதுதான் வந்தது. டெரெக் முதலே சொல்லித்தான் இருப்பார், அந்தக் காலத்து ஒலியைப் போட்டுக் காட்டப்போகிறேன் என்று. யசிந்தா அதைக் கேட்கவில்லை. சுவர் முழுக்க ஊளையிட்டது. விளக்கு மங்கியது. ஊளைக்குக் கீழே பிளேன் இரைச்சல், அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, கிட்ட, கிட்ட. பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கு ஒழுங்காகத் தெரியாது. சனத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு ஓடியிருக்கிறாள். முப்பது வயது தாண்டின மகளின் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்திருக்கிறாள். லேஞ்சியை நாலாய் மடித்து அவளுடைய வாய்க்குள் வைத்து, "கடி பிள்ளை, கடி, கடி" என்று சொல்லியிருக்கிறாள். ஒலி நின்று விளக்கு வந்தபோது எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெரெக்கின் கை விசையிலேயே இருந்தது, முகம் வெளுத்திருந்தது. மேசையின் காலடியில், நல்ல கோட்டும் சப்பாத்துமாக, நீற்றா குந்தியிருந்தாள். இரண்டு கையும் காதில். கண் இறுக்கி மூடி. லேஞ்சியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாய் சொன்ன உடனே கடித்திருந்தாள். அவள் கண்ணைத் திறந்து, லேஞ்சியை மெல்ல வெளியே எடுத்து, அதில் பதிந்திருந்த பல்லடையாளத்தைப் பார்த்தாள். "ரெக்கோட்டம்மா" என்றாள். "சும்மா ரெக்கோட்." குரல் அவளுடையதாக இல்லை. டெரெக் வந்து, மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல் யசிந்தாவுக்கு நன்றாக விளங்கியது. அவருடைய கையைத் தட்டிக் குடுத்தாள். பாவம், அவருக்கும் தாய் ஒருத்தி இருந்தவள்தானே.

கோப்பிக்கடைக்குப் போகவில்லை. நேரே படிக்கு வந்தார்கள். யசிந்தா முன்னால், நீற்றா ஒரு படி பின்னால். பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள், தொடங்காவிட்டால் ஏற முடியாது. பின்னால் மகளும் சேர்ந்தாள். பச்சைச் சுவர் இரண்டு குரலையும் வாங்கித் திருப்பித் தந்தது. அப்பத்தைக் கேட்கிற வரி போனது. அந்த இடம் வந்தது. நீற்றா வழக்கம்போல நிறுத்தினாள். யசிந்தாவும் உதட்டை மூடினாள். மூடினதும் முகம் வந்தது. மயிரை ஊதுகிற முகம், கன்னத்து மச்சம். இவ்வளவு காலமும் இந்த மௌனம் யாரோ ஒருவருக்காக இருந்தது. இனி யாருக்காக? இதை இப்படியே விட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் இவளையும் அல்லவா அதற்குள் விட்டுவிடுவேன்? வேறெங்கோ ஒருத்தி, பனங்குற்றிக்குக் கீழே இருந்து, வாயை மூடிக்கொண்டு, என்ர பிள்ளையைப் பொறுக்க மாட்டேன் என்று. பேணாட், கோவியாதையுங்கோ என்று மனத்துக்குள் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த வரியை வாய்விட்டுச் சொன்னாள். துருப்பிடித்த கதவு மாதிரி அது வந்தது, முழுதாக வந்தது, தனிக்குரலாகப் படியெல்லாம் கேட்டது.

பின்னால் சப்பாத்துச் சத்தம் நின்றுவிட்டது. "அம்மா." "என்ன பிள்ளை?" "நீங்கள் அந்த வரியைச் சொன்னீங்கள்." "ஓம்." "அது நாங்கள் சொல்லுறேல்லையே." யசிந்தா கம்பியைப் பிடித்தபடி திரும்பாமல் நின்றாள். கீழேயிருந்து ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது. கணக்கில் கெட்டிக்காரி, அவளுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? "ஆருக்குச் சொன்னீங்கள்? எனக்கோ?" என்றாள், குழந்தைப் பிள்ளையின் குரலில். "நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லையேயம்மா." "இல்லை, ராசாத்தி. நீ ஒண்டும் செய்யேல்லை" என்றாள் யசிந்தா. "போ எண்டும் போகாதை எண்டும் சொல்ல எனக்குத் தெரியேல்லை. நீ சொன்னதும் சரிதான், கொப்பர் இருந்திருப்பார். ஆனா நீ என்ன செய்தாலும் நான் உன்னை விடேலாது. அதுதான் இப்பவே சொல்லிப் பழகிறன்." சீலை உரசுகிறதுபோல ஒரு சத்தம். மகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று திரும்பாமலே தெரிந்தது.

யசிந்தா மிச்சப் படிகளையும் ஏறி வெளியே வந்தாள். புல், வாங்கு. காகத்தைக் காணவில்லை. மேகத்துக்குக் கீழே ஒரு பிளேன் வந்துகொண்டிருந்தது, சில்லை இறக்கி, சனங்களை ஏற்றின பிளேன், விமான நிலையத்துக்குப் போகிறது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வாசலிலேயே நின்றாள், தலை வெளியே, ஒரு கால் இன்னும் கடைசிப் படியில். மரங்களுக்குப் பின்னால் அது மறையும்வரை பார்த்தாள். பிறகு, அவர் போன நாளிலிருந்து அவளுடைய வாயில் வராத சொல்லைக் கீழே பார்த்துச் சொன்னாள். "போயிட்டுது, பிள்ளை. வெளியில வா." கீழே நீற்றா அசையவில்லை. வெளிச்சம் எட்டாத படியில், லேஞ்சியை இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து தாயையே பார்த்தபடி இருந்தாள். அவசரமில்லை என்று யசிந்தா நினைத்தாள். வரட்டும். வாசலை விட்டு நகராமல், முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பி, முதுகுப்பக்கத்து வானத்தில் இரண்டாவது ஒன்று வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினாள்.